பீரை ஜோடியாக வைத்துப் பாருங்கள்: ஐரோப்பாவின் பழையதும் கிராஃப்டின் புதியதும்

கிராஃப்ட் பீர் நல்லதா, ஐரோப்பாவின் பாரம்பரிய பீர் நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். கேள்வியே கொஞ்சம் கோணலானது. கிராஃப்ட் என்பது ஒரு சுவை இல்லை. யார் காய்ச்சுகிறார்கள், எவ்வளவு காய்ச்சுகிறார்கள், ஆலை யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அமெரிக்காவில் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் என்ற பீர் ஆலைகளின் சங்கம் வைத்திருக்கும் வரையறைப்படி, ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய்க்குள் காய்ச்ச வேண்டும். கிராஃப்ட் அல்லாத மது நிறுவனம் ஒன்றின் கையில் கால்வாசிப் பங்கு போயிருக்கக் கூடாது. 60 லட்சம் பீப்பாய் என்றால் சுமார் 70 கோடி லிட்டர். சிறுதொழிலுக்கு அது கொஞ்சம் பெரிய அண்டாதான்.

ஐரோப்பியப் பக்கத்திலும் இதே கதை. பெல்ஜியத்தின் ட்ராப்பிஸ்ட் பீர் என்று பயபக்தியோடு பேசுவார்கள். அதுவும் சுவையின் பெயர் அல்ல. துறவிகளின் மடத்து வளாகத்தில், அவர்கள் மேற்பார்வையில் காய்ச்சப்பட வேண்டும். லாபம் மடத்தின் செலவுக்கும் தர்ம காரியங்களுக்கும் போக வேண்டும். இந்த விதிகளுக்கு உட்பட்டு வெஸ்ட்மாலே மடம் பொன்னிறத்தில், 9.5 சதவீத ஆல்கஹாலோடு, ட்ரிப்பெல் என்ற பீரைக் காய்ச்சுகிறது. ரோஷ்ஃபோர் மடத்தின் பீர் கரும்பழுப்பு, உலர்திராட்சை வாசனை. ஆர்வால் மடத்துப் பீரில் காட்டு ஈஸ்ட்டின் பதனிட்ட தோல் வாடை கொஞ்சம் அடிக்கும். மூன்றுக்கும் ஒரே முத்திரை, ஆனால் நாக்கில் மூன்றும் மூன்று திசை.

அப்படியென்றால் எதை எதோடு ஒப்பிடுவது? ஒரே வகையைச் சேர்ந்த இரண்டை. பழைய ஊரில் பிறந்த மூலத்தையும், அதைப் பார்த்து வேறெங்கோ ஒருவர் காய்ச்சிய மறுமொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது மாறியிருக்கிறது என்று தொடக்கக்காரருக்கும் பிடிபடும். கோதுமை பீரைக் குடித்துவிட்டு ஐபிஏ என்ற கசப்பு பீர் அளவுக்குக் கசக்கவில்லையே என்பது, ரசத்தைக் குடித்துவிட்டு சாம்பார் மாதிரி கெட்டியாக இல்லையே என்பதைப் போலத்தான்.

நான்கு பொருள், இரண்டு குடும்பம்

அதற்கு முன் அடிப்படை கொஞ்சம். தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். பீருக்கு வேண்டியது இவ்வளவுதான். பார்லியை ஊற வைத்து முளை கட்டி, சூட்டில் உலர்த்தினால் அது மால்ட். மிதமான சூட்டில் உலர்த்தினால் பீர் வெளிர் மஞ்சள், வறுத்துக் கருக்கினால் கறுப்பு. மால்ட்டை நொய்யாக உடைத்து வெந்நீரில் வைத்திருந்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அந்த இனிப்புச் சாற்றைக் கொதிக்க விட்டு, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைப் போடுகிறார்கள். கொதி தொடங்கும்போதே போட்டால் கசப்பு இறங்கும். கடைசியிலோ ஆறிய பிறகோ போட்டால் கசப்பு அவ்வளவாக ஏறாது, மணம் தங்கும். ஆறிய சாற்றில் ஈஸ்ட்டைச் சேர்த்தால் அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தருகிறது.

1516-இல் தெற்கு ஜெர்மனியிலுள்ள பவேரியாவின் டியூக் நான்காம் வில்ஹெல்ம் இங்கோல்ஸ்டாட் நகரில் பிறப்பித்த பீர்ச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் இந்த மூன்றை மட்டும்தான் குறிப்பிடுகிறது. ஈஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை. நுண்ணுயிர் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது. ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து, ஒரே இனத்தை மட்டும் வளர்த்துப் பயன்படுத்த வழி கண்டவர் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன், ஆண்டு 1883.

ஈஸ்ட்டை வைத்தே பீர்கள் இரண்டு பெரிய குடும்பங்களாகப் பிரிகின்றன. ஏல் ஈஸ்ட் ஏறக்குறைய 15 முதல் 24 டிகிரி வரை உள்ள சூட்டில் வேகமாக வேலை செய்யும். பழ வாசனையும் மசாலா வாசனையும் விட்டுச் செல்லும். லாகர் ஈஸ்ட் 8 முதல் 12 டிகிரிக் குளிரில் நிதானமாக வேலை செய்யும். அதன் பிறகு பீரை இன்னும் குளிரில் வாரக்கணக்கில் கிடத்தி வைப்பார்கள். சுவை சுத்தமாக, ஒளிவு மறைவில்லாமல் இருக்கும். லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். அதன் பெற்றோரில் குளிர் தாங்கும் இனம் தென் அமெரிக்காவின் படகோனியாக் காடுகளில் கண்டுபிடிக்கப்பட்டது 2011-இல்தான் வெளியே தெரிந்தது. ஐநூறு ஆண்டுகளாக ஜெர்மானியர்கள் தங்கள் சொத்து என்று நினைத்திருந்த பீருக்கு இப்படியும் ஒரு தூரத்து உறவு.

முதல் ஜோடி: பில்ஸ்னர்

தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஏனென்றால் இன்று உலகம் முழுக்க பீர் என்று விற்கும் மஞ்சள் திரவத்தில் பெரும்பகுதி இதன் வாரிசு, பெரும்பாலும் நீர்த்துப்போன வாரிசு.

பொஹீமியாவில், இன்றைய செக் குடியரசில், பில்சென் என்ற ஊர். 1838-இல் அங்கே பீர் இவ்வளவு மோசமாகிவிட்டதே என்று கொதித்து, 36 பீப்பாய் பீரை நகர மன்றத்துக்கு முன்னால் கொட்டினார்கள். அப்புறம் காய்ச்சும் உரிமை உள்ள ஊர்க்காரர்கள் சேர்ந்து புதிதாக ஓர் ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து ஜோசப் க்ரோல் என்பவரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபரில் அவர் காய்ச்சியது பொன்னிறத்தில், கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. அதுவரை லாகர் என்றால் பழுப்பு நிறம். க்ரோல் கொண்டுவந்தது பவேரியாவின் குளிர்முறை. மால்ட்டை ஆங்கிலேயர் பாணியில் புகை படாமல் வெளிறாக உலர்த்தினார்கள். ஹாப்ஸ் பக்கத்திலிருக்கும் ஜாடெட்ஸ் பகுதியுடையது. பில்சென் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. அதனால் ஹாப்ஸை அள்ளிப் போட்டாலும் கசப்பு குத்தாமல் உருண்டையாக வருகிறது.

இன்றும் அந்த ஆலை பில்ஸ்னர் உர்குவெல் என்ற பெயரில் இதைக் காய்ச்சுகிறது. ஆல்கஹால் 4.4 சதவீதம்தான். மால்ட் கலவையில் ஒரு பங்கை எடுத்துத் தனியாகக் கொதிக்க வைத்துத் திரும்பச் சேர்ப்பதை மூன்று முறை செய்கிறார்கள். அதிலிருந்து வருவதுதான் ரொட்டியின் மேல்தோல் வாசனையும் அந்தக் கனமும். லேசான வெண்ணெய் வாடையும் இருக்கும். வேறு லாகரில் அது குறை, இங்கே அது பிறவிக்குணம்.

இதன் பக்கத்தில் பென்சில்வேனியாவின் விக்டரி ப்ரூவரி காய்ச்சும் ப்ரைமா பில்ஸை வையுங்கள். ஜெர்மன் மால்ட், ஐரோப்பிய ஹாப்ஸ் பூக்களை முழுசாக. ஆனால் நிறம் இன்னும் வெளிறு, நடுவில் இனிப்பு குறைவு, முடிவு வறண்டு கூர்மையாக நிற்கும். குடித்ததும் புரியும்: இவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பது பில்சென்னுக்கு அல்ல, வட ஜெர்மனியின் பில்ஸுக்கு. ஒரே பெயருக்குள் இரண்டு வம்சம் இருப்பது இப்படித்தான் வெளிப்படும். எனக்கு செக் பக்கம்தான் சாய்வு. வெயில் நேரத்தில் மட்டும் மற்றது.

நுரை பற்றி ஒன்று. நுரை அதிகம் என்றால் கடைக்காரர் அளவில் ஏமாற்றுகிறார் என்று நினைப்பது நம் வழக்கம். செக் மதுக்கடையில் நுரை இல்லாமல் கொடுத்தால்தான் சண்டை வரும். அடர்த்தியான ஈர நுரை மணத்தைப் பிடித்து வைக்கிறது, காற்று படாமல் காக்கிறது. கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. பீரைக் குறை சொல்வதற்கு முன் கிளாஸைக் கழுவுங்கள்.

இரண்டாவது: கோதுமை பீர்

ஈஸ்ட் என்ன செய்யும் என்று ஒரே மாலையில் தெரிந்துகொள்ள வேண்டுமா? இதுதான் வழி. பவேரியாவின் ஹெஃபெவைசன் என்ற மங்கலான கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். உள்ளே வாழைப்பழமும் கிடையாது, கிராம்பும் கிடையாது. இரண்டு மணமும் அந்த ஈஸ்ட் உண்டாக்குவது. மால்ட்டில் பாதியாவது கோதுமை இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. கோதுமை பீர் காய்ச்சும் உரிமை நீண்ட காலம் அரச குடும்பத்திடம் இருந்தது; மக்கள் பழுப்பு லாகருக்கு மாறி, விற்பனை படுத்த பிறகு, 1872-இல் கியோர்க் ஷ்னைடர் என்பவர் அந்த உரிமையைப் பெற்றார். ஷ்னைடர் வைஸ் இன்றும் அந்தக் குடும்பத்திடமே இருக்கிறது.

அமெரிக்காவில் போர்ட்லண்டின் விட்மர் சகோதரர்கள் 1986-இல் ஒரு ஹெஃபெவைசன் கொண்டு வந்தார்கள். அதே மங்கல், அதே கோதுமை. முகர்ந்து பார்த்தால் வாழைப்பழத்தைக் காணோம். அவர்கள் பயன்படுத்தியது வாசனை விடாத வேறொரு ஈஸ்ட். பவேரியாக்காரர்கள் இதை ஹெஃபெவைசன் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் இதுவே அமெரிக்கக் கோதுமை பீர் என்ற தனி வகைக்கு வழி விட்டது.

பெல்ஜியத்தின் விட்பியர் மூன்றாவது கிளை. அதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையாகவே போடுவார்கள். ஹூகார்டன் என்ற ஊரில் இதைக் காய்ச்சிய கடைசி ஆலை 1950-களில் மூடிவிட்டது. அந்த ஊரில் பால் வியாபாரம் செய்துகொண்டிருந்த பியர் செலிஸ், சின்ன வயதில் பக்கத்து ஆலையில் உதவியாக இருந்த நினைவை வைத்து, 1966-இல் மறுபடியும் காய்ச்சத் தொடங்கினார். 1985-இல் ஆலை தீப்பிடித்தது. திரும்பக் கட்டப் பணம் கொடுத்த பெரிய நிறுவனத்திடம் ஆலை கைமாறிப் போனது. அவர் என்ன செய்தார்? அமெரிக்காவுக்குப் போய் டெக்சாஸின் ஆஸ்டினில் 1992-இல் சொந்த ஆலை திறந்து, அதே பீரைச் செலிஸ் வைட் என்று காய்ச்சினார். ஹூகார்டன் இன்று உலகின் மிகப்பெரிய பீர் நிறுவனத்தின் கையில்; அதை உயிர்ப்பித்தவரோ அமெரிக்காவில் கிராஃப்ட் காய்ச்சியவர். இந்த இரண்டில் எது பாரம்பரியம், எது கிராஃப்ட் என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

மூன்றாவது: ஐபிஏ, நம் கடற்கரையின் பங்கோடு

ஐபிஏவின் விரிவு இந்தியா பேல் ஏல், அதாவது இந்தியா வெளிர் ஏல். அந்தப் பெயரில் உள்ள இந்தியா நம் இந்தியாதான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் போ என்ற பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் ஆலை, பக்கத்துக் கப்பல் துறையிலிருந்து புறப்படும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களுக்குப் பீர் விற்றது. மதராஸிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த வெள்ளைக்காரர்களுக்காக அது வந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு தடவை கடந்து, மாதக்கணக்கில் அலையில் ஆடிய பீர் இங்கே வந்து இறங்கும்போது நன்றாக முதிர்ந்திருந்தது.

பயணத்தில் கெடாமல் இருக்க ஹாட்ஜ்சன் புதிதாகக் கண்டுபிடித்த பீர் இது என்று எங்கும் எழுதியிருப்பார்கள். நம்ப வேண்டாம். ஹாப்ஸ் நிறையப் போட்ட வெளிர் ஏல் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. போர்ட்டர் என்ற கறுப்பு நிறப் பீரும் அதே கப்பல்களில் வந்து நன்றாகவே விற்றது. கப்பல் துறை பக்கத்தில் இருந்ததும், கப்பல் தலைவர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்ததும்தான் ஹாட்ஜ்சனின் வித்தை. 1820-களில் பர்ட்டன் ஊரின் ஆல்சாப் ஆலை போட்டிக்கு வந்தது. முதல் சோதனைக் காய்ச்சலை ஒரு டீ பாத்திரத்தில் செய்து பார்த்தார்கள் என்று அங்கே கதை உண்டு. பர்ட்டனின் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம்; அது ஹாப்ஸின் கசப்பைப் பளிச்சென்று காட்டும். பில்சென்னின் மென்மையான தண்ணீர் செய்வதற்கு நேர் எதிர். இன்று உலகெங்கும் ஐபிஏ காய்ச்சுபவர்கள் தங்கள் தண்ணீரில் ஜிப்சம் கலப்பது இந்த ஊர்த் தண்ணீரைப் பார்த்துத்தான்.

இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலேயே ஐபிஏ பலம் குறைந்து பெயரளவில் நின்றது. அதை எடுத்து நிமிர்த்தியவர்கள் அமெரிக்கர்கள். 1972-இல் கேஸ்கேட் என்ற புதிய ஹாப்ஸ் வெளிவந்தது, பம்பளிமாசுத் தோலின் மணத்தோடு. 1980-இல் கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா ஆலை காய்ச்சத் தொடங்கியது. அதன் பேல் ஏல் இந்த ஹாப்ஸின் மேல் நிற்கிறது. லண்டனின் ஃபுல்லர்ஸ் ஆலை காய்ச்சும் இஎஸ்பி என்ற ஏலை ஒரு கிளாஸிலும் சியரா நெவாடா பேல் ஏலை இன்னொன்றிலும் ஊற்றினால் வித்தியாசம் மூக்கிலேயே முடிந்துவிடும். ஒன்றில் பழக்கூழ், பிஸ்கட், மண் வாசனை. மற்றதில் பம்பளிமாசும் பைன் மரப் பிசினும். இரண்டும் ஏல், இரண்டும் கசப்பு. ஹாப்ஸின் ஊர் மட்டும் வேறு.

இதிலிருந்து அமெரிக்காவின் வெர்மான்ட் பக்கம் பிறந்த மங்கல் ஐபிஏ, கசப்பைக் குறைத்து, ஓட்ஸ் சேர்த்து, மாம்பழச் சாறு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அரை கிளாஸ் போதும்.

கறுப்பு என்றால் பலம் இல்லை

நிறத்தைப் பார்த்து பீரின் பலத்தை முடிவு செய்கிறவர்கள் நிறைய. கின்னஸ் டிராஃப்ட் கன்னங்கரேல், ஆல்கஹால் 4.2 சதவீதம். நிறம் வறுத்த பார்லியால் வருவது, அதுவும் கொஞ்சம் போட்டாலே போதும். வெயில் போல் மஞ்சளாக இருக்கும் வெஸ்ட்மாலே ட்ரிப்பெல்லில் அதன் இரண்டு மடங்குக்கு மேல். கறுப்பிலும் பலமானது வேண்டுமென்றால் இலங்கையின் லயன் ஸ்டவுட் இருக்கிறது. நுவரெலியாவின் மலைக்குளிரில் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஆலையின் வழி வந்தது; இப்போது கொழும்புக்கு அருகே பியகமவில் காய்ச்சுகிறார்கள். 8.8 சதவீதம், சாக்லேட்டும் கருகிய வெல்லப்பாகும். கின்னஸையும் இதையும் ஜோடி சேர்த்துப் பாருங்கள்: காலனி வழியில் வந்த ஒரு வகை வெப்ப நாட்டில் எப்படி இனித்துப் பெருத்தது என்பது தெரியும். அளவை மட்டும் கவனியுங்கள். ஒரு லயன் பாட்டில் இரண்டு கின்னஸ் கணக்கு.

ருசி பார்க்கும் முறை

பெரிய சடங்கு ஒன்றும் வேண்டாம். ஒரு தடவைக்கு இரண்டு பீர், கிளாஸுக்கு 100 மில்லி. ஒரே மாதிரி கிளாஸ், ஒரே குளிர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் குளிரைத் தவிர வேறெதுவும் தெரியாது. லாகருக்கு 5, 6 டிகிரி சரி. ஏலுக்கு 10 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இங்கிலாந்தில் நிலவறைப் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இறைக்கும் ஏல் 11 முதல் 13 டிகிரி. முதலில் முகருங்கள். முதல் வாயை வைத்து முடிவு செய்யாதீர்கள்; கசப்பு மூன்றாவது வாயில்தான் சமநிலைக்கு வரும். நடுவில் தண்ணீர், வெறும் ரொட்டி. மிக்சர் வேண்டாம், காரம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

வித்தியாசம் உண்மையிலேயே தெரிகிறதா, லேபிள் சொல்லித் தெரிகிறதா என்று சந்தேகம் வந்தால் யாரையாவது விட்டு மூன்று கிளாஸில் ஊற்றச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. எது தனி என்று கண்டுபிடியுங்கள். ஆலைகளில் பீரைச் சோதிப்பவர்கள் செய்வதும் இதுதான். பெரிய வாய்ப்பேச்சுக்காரர்கள் இங்கே தடுமாறுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

இதையெல்லாம்விட முக்கியம் தேதி. இறக்குமதியான ஐரோப்பிய பில்ஸ்னர் வெப்பமான கிடங்கில் பல மாதம் கிடந்திருக்கும். அங்கேயே காய்ச்சி விற்கும் உள்ளூர் ப்ரூபப்பின் லாகர் போன வாரம் தொட்டியிலிருந்து வந்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு கிராஃப்ட்தான் சிறந்தது என்று தீர்ப்புச் சொன்னால், அது பீருக்கான தீர்ப்பு இல்லை, கிடங்குக்கானது. பழசானால் ஈர அட்டைப்பெட்டி வாடை வரும். பச்சை பாட்டிலிலோ வெள்ளை பாட்டிலிலோ வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றமடிக்கும். ஐரோப்பிய லாகர் என்றால் இப்படித்தான் மணக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது அந்த நாற்றத்தைத்தான். பழுப்பு பாட்டில் அல்லது கேன் வாங்குங்கள். ஐபிஏவுக்கு மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. பலமான ட்ராப்பிஸ்ட் பீர்களுக்கு மட்டும் இந்த அவசரம் இல்லை. சில ஆண்டுகள் கிடந்தாலும் தாங்கும்.

புளிப்புக்குக் கடைசி இடம்

ப்ரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்று ஒன்று உண்டு. கொதித்த சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் இரவு முழுவதும் திறந்து வைக்கிறார்கள். காற்றில் மிதக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தாமாக வந்து விழுந்து நொதிக்க வைக்கும். குளிர்காலத்தில் மட்டுமே இது நடக்கும். வெயிலில் வேண்டாத கிருமிகள் சேர்ந்துவிடும். ஹாப்ஸையும் பழையதாகப் போடுவார்கள், கசப்பு தேவையில்லை, கெடாமல் காத்தால் போதும். பிறகு மரப் பீப்பாயில் ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு. மூன்று வயதையும் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். 1900-இலிருந்து இயங்கும் காந்தியோன் ஆலையில் இன்றும் இதைப் பார்க்கலாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அலகாஷ் ஆலை 2007-இல் அதே மாதிரித் தொட்டி கட்டி, மெய்ன் காற்றை நம்பித் திறந்து வைத்தது. முறை அதே, தானியம் ஏறக்குறைய அதே. கிருமிகள் மட்டும் அந்த ஊருடையவை.

முதல் வாயில் பலர் முகம் சுளிப்பார்கள். எலுமிச்சை, பச்சை ஆப்பிள், குதிரைக் கொட்டில், பழைய மரம் எல்லாம் ஒன்றாக வரும். பிடிக்காவிட்டால் கட்டாயம் ஒன்றுமில்லை. செர்ரிப் பழம் ஊற வைத்த க்ரீக் கொஞ்சம் இணக்கமானது, அதிலிருந்து தொடங்கலாம். எப்படியானாலும் இந்த ஜோடியைக் கடைசியாகத் திறங்கள். இந்தப் புளிப்புக்குப் பிறகு பில்ஸ்னரை ஊற்றினால் அது தண்ணீராகத்தான் தெரியும்.